கூழைக்கடா சொல்லாமல் விட்ட வார்த்தை

ஒரு பெரிய குளம். குளத்துக்கு நடுவே ஒரு மண்மேடு. மேட்டில் ஏழெட்டுக் கருவேல மரங்கள், ஓரமெல்லாம் கோரைப்புல். அந்த மேட்டுக்குப் பறவைகள் வைத்த பெயர் காத்திருப்பு மேடு.

மழைக்காலத்தில் வடக்கேயிருந்து வருகிற பறவைகள் வயலுக்கு ஒன்றும் வாய்க்காலுக்கு ஒன்றுமாகப் பிரிந்து மேயும். பங்குனி பிறந்தால் போதும், எல்லாம் இந்த மேட்டுக்கு வந்து கூடிவிடும். தென்காற்று நன்றாகக் கிளம்புகிற வரைக்கும் இங்கேதான் தங்கல். காற்று கிளம்பியதும் ஒவ்வொரு கூட்டமாக ஊருக்குப் புறப்படும்.

காற்று வந்துவிட்டது என்று சொல்ல ஒரு வாலாட்டிக் குருவி இருந்தது. பொழுது சாயும்போது அது உயரமான கருவேலத்தின் உச்சிக் கொம்பில் போய் உட்காரும். வாலை ஆட்டி ஆட்டிக் காற்றைப் பார்க்கும். சரியாக இருந்தால் புறப்பட வேண்டிய கூட்டத்தின் பெயரைச் சொல்லி மெல்லிசாக ஒரு சீழ்க்கை அடிக்கும். ஒரே ஒரு தடவைதான். இரண்டாம் தடவை கூப்பிடாது. ஏனென்றால் கோரைக்கு மேலே பூனைப்பருந்து ஒன்று எந்நேரமும் வட்டம் போட்டுக்கொண்டிருக்கும். உரக்கக் கூப்பிட்டால் எந்தக் கூட்டம் எப்போது எழும்பும் என்று அந்தத் திருடனுக்குத் தெரிந்துபோகும்.

அதனால் வாலாட்டி மரம் ஏறிவிட்டால் மேட்டில் யாரும் மூச்சுக் காட்டக் கூடாது. யாரும் உத்தரவு போட்டதில்லை. எல்லாரும் அதை மதித்தார்கள், அவ்வளவுதான்.

மேட்டுக்குப் பெரியவர் கோமதிநாயகம். அவர் ஒரு கூழைக்கடா. தாடைக்குக் கீழே தொங்குகிற பையில் ஒரு கூடை மீன் பிடிக்கும். உள்ளூர்க்காரர், வயதும் இருந்தது, சொன்னால் நாலு பேர் கேட்பார்கள். எல்லாரும் அவரை அண்ணாச்சி என்பார்கள். அவருக்கு ஒரு பெருமை உண்டு. என் மேட்டுக்கு வந்த விருந்தாளியை இதுவரை ஒருத்தரும் முகம் கோண ஒரு சொல் சொன்னதில்லை என்பார். நல்ல பெருமைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பேரைக் காப்பாற்றப் போய் மனுஷர் என்னென்னவற்றைக் கோட்டை விட்டார் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

அந்த வருஷம் பங்குனி முதல் வாரத்தில் ஒரு வரித்தலை வாத்து வந்து இறங்கினான். தலையில் இரண்டு கறுப்புக் கோடு, ஆரஞ்சு நிற அலகு, நல்ல வாட்டசாட்டம். பெயர் மலைதாண்டி. பனிமலைக்கு மேலே பறந்து போகிற சாதி அவனுடையது. அதை அவன் வந்த பத்தாம் நிமிஷமே எல்லாருக்கும் சொல்லிவிட்டான்.

சொன்னது போதாதென்று நிழல் விழுகிற நல்ல மணல் ஓரத்தில், ஐந்து பேர் நிற்கிற இடத்தில், ஒருத்தனாகச் சிறகை விரித்துப் படுத்துக்கொண்டான். அங்கே வழக்கமாக நிற்கிற கொசு உள்ளான்கள் பயந்துபோய் மேட்டின் மறுகோடிக்கு ஒதுங்கின. கொசு உள்ளான் என்றால் எவ்வளவு பெரிய ஆட்கள் என்று பெயரே சொல்லும். தவிட்டு நிறத்தில் ஒரு பிடி இருக்கும்.

மலைதாண்டியின் சித்தப்பா மகன் அவர்கள் கூட்டத்தோடு அக்கரையில் தங்கியிருந்தான். அவனோடு இவன் இங்கிருந்தே பேசுவான். பேச்சா அது? காது கிழிந்துபோகும். கேட்கிறதா, கேட்கிறதா என்று ஆரம்பித்து, இங்கே சாப்பாடு சுமார்தான், கூட்டம் ஜாஸ்தி, பக்கத்தில் ஒருத்தன் குறட்டை விடுகிறான், நம்ம பெரியம்மாவுக்கு இன்னும் கால் வீக்கம் இறங்கவில்லையாமே என்று ஒரு குடும்பத்தின் கதை முழுவதும் மேட்டுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. காலையிலும் பேசினான், மத்தியானமும் பேசினான். வாலாட்டி மரம் ஏறிய பிறகும் பேசினான்.

மேட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பதை ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டார்கள். நெட்டைக்கால் உள்ளான்கள் கூடிக்கூடி முணுமுணுத்தன. நாமத்தலை வாத்துகள் தலையைச் சிறகுக்குள் புதைத்துக்கொண்டு பல்லைக் கடித்தன. வாத்துக்கு ஏது பல் என்று கேட்காதீர்கள், அப்படி ஒரு கடுப்பு. ஆனால் மலைதாண்டி திரும்பிப் பார்த்து, "என்ன, நான் சொல்றது சரிதானே?" என்றால் போதும், அத்தனை பேரும் சிரித்துத் தலையாட்டினார்கள். பின்னால் ஒரு முகம், முன்னால் ஒரு முகம். பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கோமதிநாயகம் அதற்கும் மேலே போனார். ஒரு நாள் மலைதாண்டி அவரிடம், "என் குரல் அக்கரைக்குக் கேட்குதா அண்ணாச்சி?" என்று கேட்டான். அவர் சிரித்துக்கொண்டே, "உங்க குரலுக்கு என்ன தம்பி, கம்பீரமான குரல்" என்றார். விருந்தாளி மனம் நோகக் கூடாதாம்.

கொசு உள்ளான் கூட்டத்தில் பொடிச்சி என்று ஒரு பெண் இருந்தாள். போன வருஷம்தான் பிறந்தவள். வந்த வழி கூட்டத்துக்குத்தான் தெரியும், அவளுக்குத் தெரியாது. மாசி மாசம் வரப்பில் கிடந்த ஒரு நூலில் மாட்டி இடது சிறகில் காயம் பட்டிருந்தது. காயம் ஆறிவிட்டது, பலம்தான் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. கூட்டத்துக்கு நடுவே பறந்தால் மற்றவர்கள் காற்றைக் கிழித்துக் கொடுப்பார்கள், சமாளித்துவிடலாம். தனியாகப் போக முடியாது. அதனால் அவள் பகலெல்லாம் கோரைக்குள்ளே காற்றுப் படாமல் படுத்து, தின்று, தூங்கி உடம்பைத் தேற்றிக்கொண்டிருந்தாள். கோரைக்குள்ளிருந்து எதையும் பார்க்க முடியாது. சீழ்க்கை காதில் விழுந்தால்தான் உண்டு.

மலைதாண்டி வந்த மூன்றாம் நாள் அவள் கோமதிநாயகத்திடம் வந்தாள். "பெரியப்பா, அந்த வாத்து அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன். சாயங்காலம் மட்டும் சத்தம் போடாம இருந்தாப் போதும். நேத்து எனக்கு வாலாட்டி கூப்பிட்டதே கேக்கலை. நல்லவேளை, அது எங்க கூட்டம் இல்லை."

நீயே போய்ச் சொல்லேன் என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்க அவசியமே இல்லை. மலைதாண்டியின் கால் விரல் அளவுகூட அவள் இல்லை.

"பாத்துக்கிடலாம்மா" என்றார் கோமதிநாயகம். "நாலு நாள் விருந்தாளி. நாமளே போய் மூஞ்சியில அடிச்ச மாதிரி சொன்னா நல்லாவா இருக்கும்? ஜாடையாச் சொல்லிருவோம்."

ஜாடையாகவும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அவள் மறுபடி வந்து கேட்டாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றார். மூன்றாம் தடவை அவள் வந்தபோது, அவள் வாயைத் திறக்கும் முன்னாலேயே, சொல்லிவிட்ட மாதிரிதான் என்று இழுத்தார். பொடிச்சி நம்பிக்கொண்டு போனாள். அவருக்கு உள்ளுக்குள்ளே குறுகுறுத்தது. அந்தக் குறுகுறுப்பையும் மலைதாண்டி மேல் கோபமாகத் திருப்பிக்கொண்டார். இப்படி நாளுக்கு ஒரு பிடி கோபமாக உள்ளே சேர்ந்துகொண்டே வந்தது. வாய் மட்டும் சிரித்தது.

பங்குனி கடைசியில் ஒரு சாயங்காலம். அன்றைக்குக் காற்று தெற்கே இருந்து சீராக வீசியது. வாலாட்டி உச்சிக் கொம்பில் போய் உட்கார்ந்துவிட்டது. நாமத்தலை வாத்துகள் புறப்பட்டுப் போயின. அன்றைக்குப் போக வேண்டியதில் இன்னும் கொசு உள்ளான்கள்தான் பாக்கி. மலைதாண்டியின் கூட்டத்துக்கு இன்னும் முறை வரவில்லை, அவனுக்குப் பொழுது போகவில்லை.

அப்போது கோமதிநாயகம் ஒரு பெரிய கெண்டையைப் பிடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு மேட்டில் ஏறினார். பை தொங்கி ஆடியது. மலைதாண்டி அதைப் பார்த்து அக்கரைக்குக் குரல் கொடுத்தான். "கேட்குதா? இங்க அண்ணாச்சி தாடையில கோணிப்பை கட்டிக்கிட்டு வாராரு. நம்ம பெரியம்மாவோட மூட்டை முடிச்சு எல்லாத்தையும் இதுலயே போட்டு அனுப்பிரலாம்!"

நெட்டைக்கால் உள்ளான்கள் சிரித்துவிட்டன. மூன்று வாரமாக அவனைத் திட்டிய அதே நெட்டைக்கால்கள்தான்.

கோமதிநாயகத்துக்குத் தலைக்கு ஏறிவிட்டது. கெண்டையைத் துப்பினார். சிறகை அடித்துக்கொண்டு அவன் முன்னால் போய் நின்றார்.

"யார்டா நீ? பனிமலை தாண்டினா பெரிய இவனா? வந்த நாள்லருந்து பாக்கேன். உனக்கு இடம் பொருள் தெரியுமா? உன்னைப் பெத்தவங்க ஒண்ணும் சொல்லிக் குடுக்கலையா?"

மலைதாண்டி முதலில் விழித்தான். நேற்று வரை தம்பி, தம்பி என்று சிரித்த பெரியவர் இப்படிப் பேசுவார் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. பெற்றவர்களை இழுத்ததும் அவனுக்கும் கோபம் வந்துவிட்டது. அவனும் எழுந்து கத்தினான். அவர் அலகால் தள்ளினார், அவன் சிறகால் அடித்தான். மூன்று வாரமாக வாயை மூடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் இப்போது தைரியம் வந்து ஆளுக்கொரு பக்கம் கூச்சல் போட்டார்கள். சேறு தெறித்தது. மேடே இரண்டுபட்டது.

வாலாட்டி சீழ்க்கை அடித்தது.

சண்டைக்குத் தள்ளி மறுகோடியில் நின்ற கொசு உள்ளான்களுக்குக் கேட்டது. சண்டைச் சத்தத்தில் பூனைப்பருந்து வேறு திரும்பி வந்துகொண்டிருந்தது. நாற்பது உள்ளான்களும் ஒரே மூச்சில் எழும்பின. எல்லாரும் வந்தாயிற்றா என்று எண்ணிப் பார்க்க நேரமில்லை. ஒரு திருப்பு, இரண்டு திருப்பு, காற்றைப் பிடித்துக்கொண்டு வடக்கே போய்விட்டன.

சண்டை தானாக ஓய்ந்தது. மூச்சு வாங்கினார்கள். அப்போதுதான் பக்கத்துக் கோரைக்குள்ளிருந்து பொடிச்சி வெளியே வந்தாள். மேட்டின் மறுகோடியைப் பார்த்தாள். காலியாக இருந்தது. வானத்தைப் பார்த்தாள். வடக்கே தூரத்தில் புகை மாதிரி ஒன்று தெரிந்து மறைந்தது.

அவள் எழும்பிப் பறந்தாள். குளத்துக் கரை வரை போனாள், அதற்கும் அப்பால் பனைமரங்கள் வரை போனாள். இடது சிறகு இழுத்துக்கொண்டது. திரும்பி வந்து மணலில் உட்கார்ந்தாள். அழக்கூட இல்லை. வாலாட்டியிடம் போய், இன்னொரு தடவை கூப்பிட முடியுமா என்று கேட்டாள். கூப்பிட்டாலும் கேட்க அங்கே யாருமில்லை என்று வாலாட்டி மெதுவாகச் சொன்னது.

என்ன நடந்தது என்று மலைதாண்டிக்கு இப்போதுதான் புரிந்தது. அவன் கோமதிநாயகத்திடம் வந்தான். அவன் குரல் அவ்வளவு தாழ்வாக இருக்கும் என்று யாருக்கும் அதுவரை தெரியாது.

"சாயங்காலம் பேசக் கூடாதுன்னு ஒரு வழக்கம் இங்க இருக்கா அண்ணாச்சி?"

"இருக்கு."

"எனக்கு யாரும் சொல்லலையே. நாங்க பறக்கிற உசரத்துல காத்து அடிக்கிற அடிக்கு, கத்தினாத்தான் பக்கத்துல வர்றவனுக்கே கேக்கும். எங்களுக்கு அது பழக்கம். நான் பேசினா எல்லாரும் சிரிச்சீங்க. நீங்க கம்பீரமான குரல்னு சொன்னீங்க. பிடிச்சிருக்குன்னுதான் நினைச்சேன். வந்த அன்னைக்கே காதோட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அடங்கியிருப்பேனே."

 

மலைதாண்டி பொடிச்சியிடம் போய்த் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டான். எங்களோடு வருகிறாயா என்றும் கேட்டான். மனசாரத்தான் கேட்டான். ஆனால் அவர்கள் போகிற உயரத்தில் அவளுக்கு மூச்சே நின்றுவிடும். அது இரண்டு பேருக்கும் தெரியும். நான்கு நாள் கழித்து வரித்தலை வாத்துகள் புறப்பட்டபோது அவன் ஒரு சத்தமும் போடாமல் எழும்பிப் போனான்.

சித்திரை வந்தது. வெயில் ஏறியது. குளம் நாளுக்கு ஒரு முழமாக உள்வாங்கியது. மேட்டில் பொடிச்சி ஒருத்திதான் வெளியூர்க்காரி. கோமதிநாயகம் தினமும் ஈரச் சேறு இருக்கிற இடமாகப் பார்த்து அவளுக்குக் காட்டிக்கொடுத்தார். அவள் சாப்பிட்டாள். முன்பு போலவே பெரியப்பா என்று கூப்பிட்டாள். அவள் திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

வைகாசியில் சேறும் வெடித்துவிட்டது. ஒரு காலையில் அவள் புறப்படுவதாகச் சொன்னாள். மேல்காற்று திசை மாற்றித் தள்ளும், சிறகு சரியில்லை, வழி தெரியாது, இன்னும் கொஞ்சம் பொறு என்று அவர் கெஞ்சினார். பொறுத்தால் இங்கே புழு பூச்சி ஒன்றும் மிஞ்சாது என்று அவள் சொன்னாள். அதுவும் உண்மைதான்.

கிளம்பும்போது அவள் சொன்னாள். "பெரியப்பா, நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. அன்னைக்கு நீங்க அந்த அண்ணனைச் சத்தம் போட்டது எனக்குக் கேட்டுது. எனக்காகத்தான் பெரியப்பா பேசுறாருன்னு ரொம்பச் சந்தோஷமா இருந்துச்சு. அதைக் கேட்டுக்கிட்டே படுத்திருந்துட்டேன்."

அவர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். அன்றைக்கும் சொல்லவில்லை, பாருங்கள். சொல்ல வேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொள்வதுதான் அவருக்குப் பழகிப்போயிருந்ததே.

அவள் பறந்துபோனாள். பனைமரங்கள் வரை அவர் கூடவே போனார். அதற்கு மேல் அவருக்குத் தெரியாது.

ஐப்பசியில் மழை பெய்து குளம் நிரம்பியது. கொசு உள்ளான்கள் வந்து இறங்கின. கோமதிநாயகம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து பார்த்தார். பொடிச்சி இல்லை.

கூட்டத்திலிருந்து, அவளோடு ஒரே கூட்டில் பிறந்த தங்கை அவரிடம் வந்தாள். "அக்காவை இங்க விட்டுட்டுப் போயிட்டோம். வழியெல்லாம் தேடிக்கிட்டே வந்தோம். இங்கதானே இருக்கா?"

இந்தத் தடவை அவர் சொன்னார். "இல்லைம்மா. வைகாசியில தனியாப் போனா. அன்னைக்கு நான் போட்ட சத்தத்துலதான் அவளுக்குக் கூப்பிட்டது கேக்கலை. மூணு தடவை வந்து என்கிட்ட கேட்டா, ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு. நான் சொல்லலை. கடைசியில கத்தினதும் அவளுக்காக இல்லை. என் தாடைப் பையை ஒருத்தன் கேலி பண்ணினான்னு கத்தினேன். அவ தனக்காகன்னு நினைச்சுக்கிட்டே போயிட்டா."

 தங்கை கூட்டத்திடம் திரும்பிப் போனாள். மறுநாள் விடியும்போது கொசு உள்ளான்கள் மேட்டை விட்டு வேறு குளத்துக்குப் போய்விட்டிருந்தன.

ஒருவர் செய்வது தப்பென்று பட்டால் பட்ட அன்றைக்கே அவரிடமே பதமாக ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். சிரித்துச் சிரித்து அடக்கி வைத்து ஒரு நாள் கத்தினால், அதன் அடி ஒரு பாவமும் அறியாத மூன்றாம் ஆள் மேல்தான் விழும்.